ஊசல் சொன்ன நேரமும் கணினி சொன்ன நேரமும்

பதினோராம் வகுப்பு இயற்பியல் செய்முறையில் தனி ஊசல் சோதனையைச் செய்ய வைக்காத ஆசிரியர் நம்மில் இருக்க மாட்டார். ஊசல் குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, நிறுத்துக் கடிகாரத்தால் இருபது அலைவுகளின் நேரத்தை அளந்து, புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிடுகிறோம். விடை 9.8க்குப் பக்கத்தில் வந்தால் பதிவேட்டில் கையொப்பம். வராவிட்டால் "மறுபடி பாரு". மறுபடியும் வராவிட்டால் என்ன நடக்கும் என்பது நமக்கும் தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஈர்ப்பியல் பாடத்தில் குறுக்குக்கோட்டைப் பொறுத்து ஈர்ப்பு முடுக்கம் மாறும் என்ற பகுதி வந்தபோது, துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78 என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, "அப்போ நம்ம ஊர்ல எவ்வளவு சார்?" என்று கேட்டாள். நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி வடக்கே இருக்கிறது. சூத்திரப்படி 9.78 வரவேண்டும். "அதை நாம அளந்து பாக்க முடியுமா?" என்பது அடுத்த கேள்வி. முடியும் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு சொல்லுக்காக இரண்டு மாதம் உழைக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பில் பெரும்பகுதி ஊசலோடு அல்ல, கணினியின் யுஎஸ்பி துளையோடு.

முதலில் எவ்வளவு துல்லியம் தேவை என்று பார்த்தோம். 1 மீட்டர் நீள ஊசலுக்கு, ஈர்ப்பு முடுக்கம் 9.81 என்றால் அலைவு நேரம் 2.006 விநாடி. 9.78 என்றால் 2.009 விநாடி. வித்தியாசம் 3 மில்லி விநாடி. நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரலின் தாமதம் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும். இருபது அலைவுகளுக்கு அதைப் பகிர்ந்தாலும் ஓர் அலைவுக்கு 10 மில்லி விநாடி பிழை நிற்கும். ஆகவே செய்முறை வகுப்பில் நாம் வழக்கமாக அளப்பதை வைத்து 9.78ஐயும் 9.81ஐயும் பிரித்துச் சொல்லவே முடியாது. இத்தனை ஆண்டுகளாக இதை நான் கணக்கிட்டுப் பார்த்ததில்லை.

மின்னணு உணரி வைப்போம் என்று முடிவாயிற்று. அகச்சிவப்பு எல்இடி ஒரு பக்கம், ஒளி உணரி மறு பக்கம். ஊசல் குண்டு தாழ்ந்த புள்ளியைக் கடக்கும்போது ஒளி மறையும். உணரியின் அளவைக் கடையில் மலிவாகக் கிடைக்கும் அர்டுயினோ வகைப் பலகை ஒன்று படித்து, யுஎஸ்பி கம்பி வழியே ஹைடெக் லேப் கணினிக்கு வரி வரியாகத் தொடர்ந்து அனுப்பும். கணினியில் பைத்தான் நிரல் அதை வாங்கி வரைபடமாகக் காட்டும். மூன்று மாணவிகளும் இரண்டு மாணவர்களும் நான்கு நாளில் இதைச் செய்து முடித்தார்கள். திரையில் அழகான பள்ளங்கள் வரிசையாக வந்தன. எல்லோரும் கைதட்டினோம்.

பள்ளங்களுக்கு இடையே உள்ள வரிகளை எண்ணினார்கள். ஒவ்வொரு வரிக்கும் இடையே 10 மில்லி விநாடி காத்திருக்கும்படி பலகையில் நிரல் எழுதியிருந்தார்கள். ஓர் அலைவுக்கு 107 வரிகள் வந்தன. அப்படியென்றால் அலைவு நேரம் 1.07 விநாடி. ஊசலோ கண்ணெதிரே இரண்டு விநாடிக்கு ஒரு முறை ஆடிக்கொண்டிருக்கிறது.

இந்த முதல் பிழை எளிது. பிள்ளைகள் ஆர்வத்தில் ஒவ்வொரு வரியிலும் பெயர், எண், அளவு என்று 18 எழுத்துகள் அனுப்பினார்கள். தொடர்வரிசைத் தொடர்பில் ஓர் எழுத்து போக 10 பிட்டுகள் வேண்டும். வேகம் 9600 என்று வைத்திருந்ததால் விநாடிக்கு 960 எழுத்துகள்தான் போகும். 18 எழுத்துகளுக்கு 18.75 மில்லி விநாடி. பலகையின் தற்காலிக நினைவகம் நிரம்பியதும், பழைய எழுத்துகள் வெளியேறும்வரை நிரல் அங்கேயே நின்றுவிடும். 10 மில்லி விநாடி என்று நாம் எழுதியது காகிதத்தில் மட்டுமே இருந்தது. 2.009ஐ 0.01875ஆல் வகுத்தால் 107. கணக்கு அப்படியே பொருந்தியபோது ஒரு மாணவன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான்.

வேகத்தை 115200 ஆக்கினோம். இப்போது ஓர் அலைவுக்கு 197 வரிகள். 1.97 விநாடி, ஈர்ப்பு முடுக்கம் 10.17. கிட்டத்தட்ட வந்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பிழை அதேதான், அளவு மட்டும் குறைந்திருக்கிறது. 10 மில்லி விநாடி காத்திருப்பதோடு, உணரியைப் படிக்கவும் எழுத்துகளைத் தயாரிக்கவும் பலகைக்கு இன்னும் சிறிது நேரம் ஆகிறது. ஒரு சுற்றுக்கு 0.2 மில்லி விநாடி கூடினாலே அலைவு நேரத்தில் 2 விழுக்காடு பிழை, ஈர்ப்பு முடுக்கத்தில் 4 விழுக்காடு. வரிகளை எண்ணி நேரம் சொல்வது, படிகளை எண்ணித் தூரம் சொல்வது போல. எல்லாப் படியும் ஒரே நீளம் என்று யார் உறுதி தந்தது?

பேச்சிப்பாறை பஸ்

"அப்போ வரி வந்து சேரும் நேரத்தைக் கம்ப்யூட்டர்லயே பாத்துக்கலாம் சார்" என்றார்கள். எனக்கும் அது சரியென்றே பட்டது. கணினியின் கடிகாரம் நல்ல கடிகாரம்தானே. ஒவ்வொரு வரி வந்ததும் பைத்தான் நிரல் நேரத்தைக் குறித்துக்கொள்ளும்படி மாற்றினோம்.

விடைகள் குதித்தன. ஓர் அலைவுக்கு 9.62, அடுத்ததற்கு 9.95, அதற்கடுத்து 9.78. நூல் நழுவுகிறது என்று நினைத்து மாற்றினோம். மின்விசிறியை நிறுத்தினோம். சன்னல்களை அடைத்து, மார்ச் மாத வெயிலில் வேர்த்து ஒழுக உட்கார்ந்திருந்தோம். குதிப்பு நிற்கவில்லை.

மாவட்ட அறிவியல் கண்காட்சிக்குப் பத்து நாள் இருந்தது. நாற்பது அளவீடுகளில் 9.7க்கும் 9.85க்கும் இடையே வந்தவற்றை மட்டும் எடுத்துச் சராசரி போடலாம், மற்றவை "பிழையானவை" என்று நான் சொன்னேன். அந்தப் பின்வரிசை மாணவி சற்று நேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "இது அளந்ததா சார், பொறுக்குனதா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்ல இருந்தால்தானே. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பொறுக்காமல், நாற்பது அளவீடுகளையும் அல்ல, அதற்கு அடியில் இருந்த மூல வரிகளை அப்படியே பார்க்கத் தொடங்கினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். வரிகள் 10 மில்லி விநாடிக்கு ஒன்றாக வரவில்லை. இரண்டு வரிகள் ஒரே கணத்தில் வந்திருந்தன. பிறகு 16 மில்லி விநாடி ஒன்றுமில்லை. பிறகு ஒரு வரி. மறுபடி 16 மில்லி விநாடி வெறுமை. பிறகு இரண்டு வரிகள் சேர்ந்து.

மறுநாள் இதைப் பிள்ளைகளுக்கு விளக்க எனக்கு எங்கள் ஊர் பஸ்தான் கைகொடுத்தது. பேச்சிப்பாறைப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒருத்தி வீட்டிலிருந்து ஏழு மணிக்குக் கிளம்பியிருப்பாள், இன்னொருத்தி ஏழே காலுக்கு. பள்ளி வாசலில் நின்று நேரம் குறிப்பவருக்கு இருவரும் ஒரே நிமிடத்தில் வந்தவர்கள். வந்த நேரத்தை வைத்துக் கிளம்பிய நேரத்தைச் சொல்ல முடியாது. பஸ் என்றைக்கும் ஒரே நேரத்தில் வந்தாலாவது கழித்துப் பார்க்கலாம்.

யுஎஸ்பியிலும் இதுவே நடக்கிறது. 1996இல் வெளிவந்தது முதல் அதன் அடிப்படை விதி ஒன்றுதான்: கணினி கேட்டால்தான் கருவி பேசலாம். தலைமையாசிரியர் அறையில் "உள்ளே வரலாமா" என்று கேட்கக்கூட அதற்கு உரிமை இல்லை. உள்ளிருந்து கூப்பிட வேண்டும். முழுவேக யுஎஸ்பியில் இந்த அழைப்புகள் 1 மில்லி விநாடிச் சட்டங்களாக ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. இது முதல் தாமதம். நம் பலகையில் இருக்கும் யுஎஸ்பி மாற்றிச் சில்லு, எழுத்துகளை ஒவ்வொன்றாக அனுப்புவதில்லை. பொட்டலம் நிறையும்வரை, அல்லது ஒரு குறித்த நேரம் முடியும்வரை சேர்த்து வைக்கும். எங்கள் பலகையின் சில்லில் அந்த நேரம் இயல்பாக 16 மில்லி விநாடி. இது இரண்டாவது, பெரிய தாமதம். மூன்றாவதாக, கணினிக்குள் டிரைவர் எனப்படும் இயக்கி மென்பொருள் பொட்டலத்தை வாங்கி வைத்தாலும், இயங்குதளம் நம் பைத்தான் நிரலுக்கு எப்போது முறை கொடுக்கிறதோ அப்போதுதான் அது கைக்கு வரும். பக்கத்துச் சாளரத்தில் யாராவது காணொளி திறந்தால் அந்த முறை தள்ளிப்போகும்.

ஆக, நாங்கள் தேடிய 3 மில்லி விநாடி வித்தியாசத்தை 16 மில்லி விநாடி தள்ளாடும் கடிகாரத்தில் தேடிக்கொண்டிருந்தோம். தாமதம் நிலையாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. அலைவு நேரம் இரண்டு நேரங்களின் வித்தியாசம் என்பதால் அது தானே கழிந்துவிடும். ஒரு முறை 2, மறுமுறை 15 என்று மாறும் தாமதம்தான் நம்மைக் கெடுக்கிறது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். இது யுஎஸ்பியின் குறை அல்ல. யுஎஸ்பியில் தரவு அனுப்பும் முறைகள் பல உண்டு. இணையக் கேமராவும் ஒலிபெருக்கியும் பயன்படுத்தும் முறையில் நேரத்துக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பொட்டலம் கெட்டால் மறுபடி அனுப்பப்படாது. செய்தித்தாள் போல: நேற்றையதை இன்று கொண்டு வந்து என்ன பயன்? எங்கள் மாற்றிச் சில்லும் பென் டிரைவும் பயன்படுத்துவது மொத்தமாக அனுப்பும் முறை. அது பதிவுத் தபால். ஓர் எழுத்துகூடக் கெடாமல் வரும், கெட்டால் மறுபடி அனுப்பப்படும். எப்போது வரும் என்பதற்கு மட்டும் உறுதி கிடையாது. பதிவுத் தபாலை வைத்துக் கடிகாரத்தைத் திருத்த முயன்றது எங்கள் தவறு.

டிரைவரில் அந்த 16ஐக் குறைக்கலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, அந்தப் போர்ட்டின் மேம்பட்ட அமைப்புகளில் லேட்டன்சி டைமர் என்று இருக்கும். அதை 1 ஆக்கினோம். எல்லா வகைச் சில்லுக்கும் இந்த அமைப்பு இராது. வரிகள் ஒழுங்காயின, குதிப்பு பெரிதும் குறைந்தது. இதோடு விட்டுவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் வைரஸ் தடுப்பு நிரல் பின்னணியில் ஓடத் தொடங்கியபோது திடீரென்று 40 மில்லி விநாடி இடைவெளி ஒன்று வந்தது. நாற்பதில் ஒன்றுதான். அதை மட்டும் நீக்கிவிடலாமே? மறுபடியும் பொறுக்கும் வேலை.

கடிதத்தில் தேதி

தீர்வு நாமெல்லாம் தொடக்கப்பள்ளியில் கற்பிப்பதுதான். கடிதம் எழுதும்போது மேலே வலப்பக்கம் தேதி எழுதச் சொல்கிறோம். தபால் எத்தனை நாள் கழித்து வந்தாலும் எழுதிய நாள் தெரியும்.

பலகையில் மைக்ரோஸ் என்ற ஆணை இருக்கிறது. இயங்கத் தொடங்கியதிலிருந்து எத்தனை மைக்ரோ விநாடி ஆயிற்று என்று சொல்லும். எங்கள் வகைப் பலகையில் அது 4 மைக்ரோ விநாடிப் படிகளில் நகரும், எங்கள் தேவைக்கு அது ஏராளம். தொடர்ந்து உணரியைப் படித்து அனுப்புவதை விட்டுவிட்டு, ஒளி மறைந்த அந்தக் கணத்தில் மட்டும் பலகை விழித்துக்கொள்ளும்படி இன்டரப்ட் எனப்படும் இடையீட்டு ஏற்பாட்டைப் பயன்படுத்தினோம். ஒளி மறைந்ததும் முதல் வேலை நேரத்தைக் குறிப்பது. எழுத்தாக்கி அனுப்புவதெல்லாம் பிறகு, சாவகாசமாக. வரிக்கு ஒரு தொடர் எண்ணும் சேர்த்தோம்.

தொடர் எண் எதற்கு என்று பிள்ளைகள் கேட்டார்கள். முதல் நாளே விடை கிடைத்தது. 57க்குப் பிறகு 61 வந்தது. வரைபடம் வரையும் பகுதியும் வரிகளை வாங்கும் பகுதியும் ஒரே சுற்றில் இருந்தன. வரைவது தாமதமானபோது, கையில் சேர்ந்துவிட்ட பழைய வரிகளைத் துடைத்துவிடும் ஓர் ஆணையை ஒரு மாணவன் எங்கிருந்தோ பார்த்து எழுதிச் சேர்த்திருந்தான். எண் இல்லாதிருந்தால் மூன்று வரிகள் காணாமல் போனது தெரியாமல், அலைவு நேரம் திடீரென்று பெருகிவிட்டதாக நினைத்திருப்போம். வாங்குவதைத் தனியாகவும் வரைவதைத் தனியாகவும் பிரித்தோம். முதலில் எல்லாவற்றையும் கோப்பில் எழுது, படம் பிறகு. வகுப்பில் தேர்வு நடக்கும்போதே விடைத்தாள் திருத்துவதில்லையே.

இப்போது அளவீடுகள் வந்தன: 2.0142, 2.0141, 2.0142, 2.0142. நான்காம் தசம இடம்வரை ஒன்றுபோல. இத்தனை ஆண்டுகளில் என் ஆய்வகத்தில் இப்படி ஓர் ஒழுங்கை நான் பார்த்ததில்லை. ஒரு மாணவி கணக்கிட்டாள். ஈர்ப்பு முடுக்கம் 9.73.

யாரும் பேசவில்லை.

நிலநடுக்கோட்டிலேயே 9.78 என்னும்போது 9.73 எங்கிருந்து வரும்? மணவாளக்குறிச்சியிலிருந்து வரும் மாணவன், "எங்க ஊர் மண்ணுல கனமான தாது இருக்குல்ல சார், அதனால இருக்குமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கனமான மணல் அடியில் இருந்தால் ஈர்ப்பு கூட வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. அதுவும் ஒரு மீட்டர் தடிமனுள்ள படலம் ஆறாவது தசம இடத்தில்தான் கைவைக்கும். அந்தக் கணக்குக்கே ஒரு பாடவேளை போயிற்று, நட்டமில்லை.

ஒன்றுபோல வருவதும் சரியாக வருவதும் வேறு வேறு என்று வகுப்பில் நுட்பம், துல்லியம் என்று வரையறை எழுதிப் போடுகிறோம். அன்று அது கண்முன் நின்றது. பலகை நேரத்தைத் தள்ளாடாமல் சொல்கிறது. ஆனால் அதன் கடிகாரமே வேகமாக ஓடினால்? மலிவான பலகைகள் பலவற்றில் கடிகாரத் துடிப்பைத் தருவது குவார்ட்ஸ் படிகம் அல்ல, பீங்கான் ஒத்திசைவி. அதில் அரை விழுக்காடுவரை பிழை இருக்கலாம். 2 விநாடிக்கு அரை விழுக்காடு என்றால் 10 மில்லி விநாடி. நாங்கள் தேடுவதோ 3.

இந்த இடத்தில்தான் நாங்கள் தூக்கி எறிந்த கணினிக் கடிகாரம் திரும்பி வந்தது. கணினிக்குள் இருப்பது குவார்ட்ஸ் படிகம். ஒரு மணி நேரத்தில் அதன் பிழை எங்கள் கணக்கில் எட்டிப் பார்க்காது. அதன் குறை, வரிகள் வந்து சேர்வதில் உள்ள 16 மில்லி விநாடித் தள்ளாட்டம் மட்டும். இரண்டு விநாடி அலைவில் அது மலை. 3600 விநாடியில் அது தூசி. தள்ளாட்டம் முதல் வரியிலும் கடைசி வரியிலும் மட்டுமே ஒட்டும், நடுவில் பெருகாது. எனவே பலகையை ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முதல் வரியையும் கடைசி வரியையும் எடுத்து, பலகையின் கணக்கில் எவ்வளவு நேரம், கணினியின் கணக்கில் எவ்வளவு நேரம் என்று ஒப்பிட்டால் போதும். குறுகிய நேரத்துக்குப் பலகையை நம்பு, நீண்ட நேரத்துக்குக் கணினியை நம்பு.

முதல் முயற்சி கெட்டது. பிள்ளைகள் மதிய உணவுக்குப் போய்த் தாமதமாக வந்தார்கள். அந்த மைக்ரோ விநாடி எண்ணி 71 நிமிடம் 35 விநாடி ஆனதும் பூச்சியத்துக்குத் திரும்பிவிடும், சைக்கிள் கடைப் பழைய மீட்டர் போல. இரண்டாம் முறை சரியாக ஒரு மணி நேரத்தில் நிறுத்தினோம். கணினியின் 3600 விநாடிக்குப் பலகை 3608.6 விநாடி என்றது.

2.0142ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் 2.0094. ஊசலை 5 சென்டிமீட்டர்தான் இழுத்து விட்டோம், அதாவது ஏறத்தாழ 3 டிகிரி. அதற்கான திருத்தம் 0.0003 விநாடி. மிச்சம் 2.0091. ஈர்ப்பு முடுக்கம் 9.78 மீவி⁻².

வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை. செய்முறை வகுப்பில் ஆர்வத்தில் 10 டிகிரிவரை இழுத்துவிடுவார்கள். அந்த வீச்சு மட்டுமே அலைவு நேரத்தை ஏறத்தாழ 4 மில்லி விநாடி கூட்டும். அதாவது நம் ஊருக்கும் 9.81க்கும் உள்ள வித்தியாசத்தைவிட அதிகம். நீளமும் அப்படித்தான். மையப்புள்ளிவரை அளப்பதில் 1 மில்லிமீட்டர் தவறினால் விடையில் 0.01 மாறும். குண்டைத் தொங்கவிட்டு நூல் இழுபட்ட பிறகே அளக்க வேண்டும். எங்கள் நீளப் பிழை 1 மில்லிமீட்டருக்குள் என்பதால் 9.78, கூட்டவோ குறைக்கவோ 0.01 என்று எழுதினோம். 9.81 அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. நாற்பது அளவீடுகளும் தாளில் இருந்தன, ஒன்றையும் நீக்கவில்லை.

நமக்கு முன்பே நம் ஊரில்

1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். அது நிலநடுக்கோட்டிலிருந்து 5 டிகிரி வடக்கே, ஏறத்தாழ நம்மைப் போன்ற இடம். பாரிசில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குறைக்க வேண்டியிருந்தது. பூமி உருண்டையல்ல, நடுவில் புடைத்தது என்று நியூட்டன் வாதிட இந்த அளவீடும் உதவியது. ரிஷேயின் கடிகாரம் மெதுவாகத்தான் ஓடியது, ஆனால் அதில் கடிகாரத்தின் தவறு எதுவும் இல்லை. எங்கள் பலகையில் தவறு கடிகாரத்தில்தான் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய வெளியே இன்னொரு கடிகாரம் வேண்டும். ரிஷேக்கு அது விண்மீன்கள்.

இன்னும் அருகில் ஒரு கதை உண்டு. இந்தியாவின் பெரும் முக்கோணவியல் நில அளவையில் 1865 முதல் கேப்டன் ஜேம்ஸ் பேசவி என்பவர் ஊசல்களைக் கொண்டு நாடு முழுவதும் ஈர்ப்பை அளந்தார். ராயல் சொசைட்டி கொடுத்த ஊசல்கள் அவை. அவருடைய அளவை நிலையங்களில் தென்கோடியில் இருந்தவற்றுள் ஒன்று, குமரி முனைக்கு அருகே நில அளவைப் பதிவுகள் புன்னே என்று குறிக்கும் இடம். ஆடும் ஊசலை அருகில் வைத்த கடிகாரத்தோடு ஒப்பிடுவார்கள். அந்தக் கடிகாரத்தை இரவில் விண்மீன்கள் உச்சி கடக்கும் நேரத்தோடு ஒப்பிடுவார்கள். குறுகிய நேரத்துக்கு ஒரு கடிகாரம், நீண்ட நேரத்துக்கு இன்னொன்று. பேசவி 1871இல் லடாக்கின் உயரமான சமவெளியில் இதே வேலையின்போது இறந்தார். இதை நான் பிள்ளைகளுக்குச் சொன்னது எங்கள் ஒரு மணி நேரச் சோதனை முடிந்த பிறகுதான். முன்பே சொல்லியிருந்தால் அந்த வழியை அவர்களாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு போயிருக்கும்.

பள்ளியில் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு இரண்டு செய்திகள். பலகை, உணரி என்று சேர்க்க வசதியில்லாத இடத்தில், புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் பீனிக்ஸ் திட்டத்தில் உருவான எக்ஸ்பைஸ் கருவியைப் பார்க்கலாம். யுஎஸ்பியில் இணையும், பைத்தானில் இயங்கும். அதில் நேரத்தை அளப்பது கருவிக்குள் இருக்கும் நுண்கட்டுப்படுத்தி. கணினி விடையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளும். நாங்கள் இரண்டு மாதத்தில் வந்து சேர்ந்த இடத்தில் அதை வடிவமைத்தவர்கள் தொடங்கியிருக்கிறார்கள்.

தொடக்கப்பள்ளியிலும் நடுநிலைப்பள்ளியிலும் இதைக் கணினி இல்லாமலே செய்யலாம். ஆறாம் வகுப்பில் நான் செய்து பார்த்தேன். ஒரு குழந்தை மணி பார்த்து 10 விநாடிக்கு ஒரு முறை ஒரு சீட்டைப் பெட்டியில் போடட்டும். இன்னொரு குழந்தை தூதர். வகுப்பின் மறுகோடியில் இருக்கும் கணினியாகிய குழந்தை "இருக்கா?" என்று கூப்பிட்டால் மட்டும் தூதர் பெட்டியில் உள்ளதை அள்ளிக்கொண்டு ஓட வேண்டும். கணினிக் குழந்தை சீட்டு வந்த நேரத்தைக் கரும்பலகையில் எழுதும். நடுவே ஆசிரியர் கணினிக் குழந்தையோடு பேச்சுக் கொடுத்துக் கூப்பிட விடாமல் செய்யலாம், அதுதான் வைரஸ் தடுப்பு நிரல். இரண்டாம் சுற்றில் சீட்டிலேயே எண்ணும் நேரமும் எழுதிப் போடச் சொல்லுங்கள். மூன்றாம் சுற்றில் யாருக்கும் தெரியாமல் ஒரு சீட்டை நீங்கள் எடுத்துவிடுங்கள். எந்தச் சீட்டு காணோம் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

கண்காட்சியில் நடுவராக வந்தவர், "ஏன் 9.8 வரவில்லை?" என்று கேட்டார். அந்தப் பின்வரிசை மாணவி 3608.6 என்று எழுதிய தாளை எடுத்து அவர் முன் விரித்தாள். விளக்க இருபது நிமிடம் ஆயிற்று, எனக்கு அங்கே வேலையே இல்லை.

இப்போது அவர்களுக்கு அடுத்த ஆசை. சென்னையில் ஈர்ப்பு முடுக்கம் நம் ஊரைவிட 0.0016 கூட இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துப் பள்ளி ஒன்று இதே சோதனையைச் செய்தால் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கிறார்கள். நேரத்தை அந்த அளவுக்கு அளந்துவிடலாம். நீளத்தைத்தான் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் அளக்க வேண்டும். நூலை அவிழ்த்துவிட்டு எஃகுக் கம்பி கட்டியிருக்கிறோம்.